நாலாயிரத்தில் ஒன்று

தேடுதலும் தேடியதைச் சேர்த்து வைத்தலும் இளமைக்கு இயல்பான இன்பங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்தை அண்டிய ஊர்களிலிருந்து இக்கல்லூரிக்கு வந்து பயின்றோர் பலர், பொன்வண்டைப் பிடித்து நெருப்புப் பெட்டிக்குள் வைத்து இலையூட்டிய பருவத்தைக் கடந்த பின்னரே மடக்கை அட்டவணையைக் கையில் எடுத்தனர். இன்றைய உன்னிச்சைச் சிறுவன் தன் பொன்வண்டைக் கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குள் தேடுகின்றான். இதனைக் கண்டு மனம் புழுங்கும் பெரியோர் உளர். யான் அவருள் ஒருவன் அல்லேன். ஆயின் அவன் தேடும் பொருள் எத்துணை அரியது, அவ்வருமையை அளக்கும் கோல் யாது என்பதை எவரேனும் அவனுக்குக் கற்பிக்கின்றனரா? கற்பிக்க வேண்டும் என்பதும், அதற்கு நம் கல்லூரியின் கணித வகுப்பே தக்க இடம் என்பதும் என் கருத்து.

இவ்வகை விளையாட்டுகளுள் பெரும்புகழ் பெற்றது 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் யப்பானில் வெளிவந்த ‘போக்கிமொன்’. அதனை ஆக்கிய சத்தோசி தஜிரி என்பார் இளமையில் பூச்சி பிடிப்பதில் பெருவேட்கை கொண்டிருந்தவர். தோக்கியோவின் புறநகரில் அவர் திரிந்த வயல்களும் குட்டைகளும் நாளடைவில் வீதிகளும் கட்டிடங்களுமாயின. அழிந்த அவ்வின்பத்தைப் பின்வந்த சிறுவர்க்கு வேறொரு வழியால் அளிக்க விரும்பியே அவர் இவ்விளையாட்டைச் சமைத்தார். ஆகவே நெருப்புப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள உறவு நாம் கற்பித்துக்கொண்டதன்று.

முதல் விளையாட்டில் 151 உயிரினங்கள் இருந்தன. 1999 இல் வந்த அடுத்த வரிசையில் ஒரு புதுமை புகுந்தது. நாள்தோறும் கண்டு சலித்த அதே உயிரினம், என்றோ ஒருநாள் வேறு நிறத்தில் தோன்றும். வலிமை கூடுவதில்லை, நிறம் ஒன்றே வேறு. சிறுவர் இதனை ‘ஷைனி’ என்பர். இஃது எத்துணை அரிது என்பதைக் கணித்தல் நம் பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் எளிது. ஒவ்வோர் உயிரினத்துக்கும் தாக்குதல், காப்பு, வேகம், சிறப்பு என்னும் நான்கு இயல்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 15 வரையுள்ள பதினாறு எண்களுள் ஒன்று எழுமாறாக வழங்கப்படும். பின்னைய மூன்றும் 10 ஆகவே அமைதல் வேண்டும். தாக்குதலின் எண் மட்டும் குறித்த எட்டு எண்களுள் ஏதேனும் ஒன்றாக இருந்தாற் போதும். எனவே பதினாறில் ஒன்றை மும்முறை பெருக்கி, அதனை மீண்டும் இரண்டில் ஒன்றாற் பெருக்க வருவது 8192 இல் ஒன்று. 2013 இல் வெளியான வரிசையிலிருந்து இது 4096 இல் ஒன்றாக இலகுவாக்கப்பட்டது. இதற்கிடையில், 2006 இல் வந்த வரிசையிலே வேடிக்கையான ஒரு விதியும் சேர்ந்திருந்தது: வெவ்வேறு மொழிப் பதிப்புகளிலிருந்து வந்த இரண்டை இணை சேர்த்தால் அவற்றின் முட்டைகளில் ஷைனி பிறக்கும் வாய்ப்பு மிகும். மொழி வேறுபட்டோர் கூடி வாழ்தலுக்குப் பரிசு வழங்கும் இயந்திரம் ஒன்று உலகில் உண்டு என அறிந்து மகிழ்ந்தேன்.

இனி, பிழை எங்கே நிகழ்கின்றது எனப் பார்ப்போம். உன்னிச்சையில் என் உறவினர் வீட்டுப் பையன் ஒருவன் அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஐந்தைந்தாகக் கோடு கீறி வைத்திருந்தான். கண்ட உயிரினம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. மூவாயிரத்தைக் கடந்திருந்தான், ஷைனி ஒன்றேனும் வரவில்லை. ஆயினும் முகத்திற் சோர்வு இல்லை. “இன்னும் ஆயிரந்தான் கிடக்கு, பெரியப்பா” என்றான்.

நாலாயிரத்தில் ஒன்று என்னும் சொற்றொடரை அவன் கடன் பத்திரம் போற் படித்திருக்கின்றான். நாலாயிரம் முறை தேடினால் ஒன்று தரக் கடமைப்பட்டவன் எவனோ இருக்கின்றான் என்பது அவன் எண்ணம். உண்மையோ வேறு. முன்சென்ற மூவாயிரமும் இயந்திரத்தின் நினைவில் இல்லை. மூவாயிரத்தோராம் தேடலும் முதற் தேடலும் ஒரே நிலையின. இனிவரும் ஆயிரத்தில் அவனுக்கு ஒன்றேனும் கிட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 22 அளவே. அவன் அதனைக் கிட்டத்தட்ட நூறு என்று கொண்டிருந்தான்.

இதனைக் கணிக்கும் முறை நேரடியாகக் கிட்டுதலை எண்ணுவதன்று, கிட்டாமையை எண்ணுவதாம். ஒரு தேடலிற் கிட்டாமையின் நிகழ்தகவு 4096 இல் 4095. தேடல்கள் ஒன்றையொன்று சாராதன ஆதலின், எத்தனை முறை தேடுகின்றோமோ அத்தனை முறை இப்பின்னத்தைத் தன்னாலே பெருக்கி, விடையை ஒன்றிலிருந்து கழித்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், 4096 முறை தேடிய நூறு சிறுவருள் ஏறத்தாழ 63 பேர் ஒன்றேனும் பெறுவர். 37 பேர் வெறுங்கையராய் நிற்பர். பாதிக்குப் பாதி என்னும் நிலை 2839 ஆம் தேடலிலேயே எய்திவிடும். நூற்றுக்கு 95 என்னும் உறுதி வேண்டுமாயின் ஏறத்தாழ 12,270 தேடல்கள் வேண்டும். 99 வேண்டுமாயின் ஏறத்தாழ 18,860. மனக்கணக்காகச் செய்ய விரும்புவோர், அருமையின் எண்ணை 0.7 ஆற் பெருக்கினால் பாதி வாய்ப்பும், 3 ஆற் பெருக்கினால் 95 என்னும் உறுதியும் வருமெனக் கொள்க. ஒரு தேடலுக்கு அரை நிமிடம் என்று வைத்தால், 4096 தேடல் 34 மணி நேரத்தை விழுங்கும். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் இக்கணக்கு மற்றைய கணக்குகளினும் பயனுடையது.

உன்னிச்சைக் குளக்கட்டில் நின்று வலசைப் பறவை பார்ப்பவனும், முழுநிலா இரவிற் கல்லடிப் பாலத்தருகே பாடும் மீனின் ஒலிக்காகக் காத்திருப்பவனும் அரியவற்றைத் தேடுவோரே. ஆயின் அவர்கள் தேடும் பொருளின் அருமையை எவரும் எழுதி வைக்கவில்லை. பலகாலம் பார்த்து, குறித்து வைத்து, மெல்ல மெல்ல அதனை மதிப்பிடுதல் வேண்டும். குளம் வான் பாய்ந்த ஆண்டுகளையும் நீர் குன்றிய ஆண்டுகளையும் நினைவில் வைத்துச் சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலத்தை உழலாம் எனத் தீர்மானிக்கும் போடியாரும் இதனையே செய்கின்றார். இயந்திரத்தினுள்ளே இருக்கும் அருமை அத்தகையதன்று. 4096 என்பதை ஒரு மனிதன் எழுதினான். நாளை அவனே 400 என்றோ 40,000 என்றோ மாற்றி எழுதலாம். எழுதியவனுக்கு அதனால் ஊதியம் இல்லையாயின் கவலையில்லை. தஜிரியாரின் பழைய விளையாட்டில் ஒருமுறை வாங்கியவன் மேற்கொண்டு காசு கொடுப்பதில்லை. இழப்பது பொழுது மட்டுமே.

கவலை பிறக்குமிடம் வேறு. யப்பானியக் கடை வாயில்களில் நாணயம் இட்டுத் திருகினால் உருண்டைப் பெட்டிக்குள் ஒரு பொம்மை விழும் பொறிகள் உண்டு. உள்ளே இருப்பது யாது என்பது விழுந்த பின்னரே தெரியும். ‘கச்சா’ என்னும் பெயரால் அம்முறை கைத்தொலைபேசி விளையாட்டுகளுள் நுழைந்தது. இங்கே ஒவ்வொரு குலுக்கலுக்கும் விலை உண்டு. சில விளையாட்டுகளில், குறித்த படங்கள் அனைத்தையும் சேர்த்து முடித்தவனுக்கே மிக அரிய பரிசு என விதித்தனர். இதன் கொடுமை கணக்கறியாதவனுக்குப் புலப்படாது. பத்துப் படங்கள் சம வாய்ப்புடையன எனக் கொள்க. பத்தையும் சேர்க்கச் சராசரியாக 29 குலுக்கல் வேண்டும். ஒன்பது கைக்கு வந்தபோது சிறுவன் பத்தில் ஒன்பது பங்கு வழி நடந்துவிட்டதாக எண்ணுவான். நடந்தது மூன்றில் இரு பங்கே. எஞ்சிய ஒற்றைப் படத்துக்கு மட்டும் சராசரி பத்துக் குலுக்கல் வேண்டும். அவ்வொற்றைப் படத்தின் வாய்ப்பை நூற்றில் ஒன்றாகக் குறைத்து வைத்தாலோ, அதற்கே நூறு குலுக்கல். கைவிட மனம் வராத இடத்தில் விலையை ஏற்றி வைத்த சூழ்ச்சி இது.

யப்பானிய நுகர்வோர் விவகார நிறுவனம் 2012 ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்முறை சட்டத்துக்கு மாறானது என அறிவித்தது. வெவ்வேறு படங்களைச் சேர்த்து முழுமையாக்கினாற் பரிசு என்னும் விற்பனையை அந்நாட்டு விதி முன்னரே தடுத்திருந்தமையால் புதுச் சட்டம் தேவைப்படவில்லை. சீனம் 2017 மே மாதம் முதல் குலுக்கலின் வாய்ப்பு எண்களை வெளியிடுமாறு விளையாட்டு நிறுவனங்களைப் பணித்தது. அதே ஆண்டின் இறுதியில் ஆப்பிள் நிறுவனமும் தன் கடையில் விற்கும் விளையாட்டுகளுக்கு அவ்விதியை விதித்தது. 2018 இல் பெல்ஜியம், காசு பெற்று நடத்தும் இத்தகைய குலுக்கல் சில சூதாட்டமே எனக் கண்டு தடுத்தது.

எண்ணை வெளியிடல் நன்று. ஆயின் படிக்கத் தெரியாதவன் முன் வைத்த விளம்பரப் பலகையால் யாது பயன்? 0.5 நூற்றுவீதம் என்று திரையின் மூலையில் எழுதப்பட்டிருக்கின்றது. இருநூறு குலுக்கினால் ஒன்று உறுதி என்று பையன் நினைக்கின்றான். இருநூறு குலுக்கிய நூறு பேரில் 37 பேருக்கு ஒன்றும் வராது என அவனுக்கு எவரும் கூறவில்லை. சில விளையாட்டுகளில் இத்தனையாவது குலுக்கலில் கட்டாயம் தருவோம் என்னும் விதி உண்டு. அங்கே மேற்கூறிய பெருக்கல் பொருந்தாது. விதியைப் படித்துக் கட்டாயக் குலுக்கல் வரை ஆகும் முழுச் செலவையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். படுவான்கரை வீடுகளில் தொலைபேசிக்குப் பணம் ஏற்றுபவர் தந்தை. அப்பணம் நெல் விற்ற பணம். அது திரைக்குள் எவ்வாறு கரைந்தது என்று கேட்கும் தந்தைக்கும் விடை சொல்ல இயலாத மகனுக்கும் இடையே மூளும் சச்சரவை யான் கண்டிருக்கின்றேன். இருவரும் நல்லவர், இருவர்க்கும் அறியாதிருந்தது ஒரே கணக்கு.

இது மேனாட்டார் கணக்கு, நமக்கு அயலது என்பார்க்கு ஒரு சொல். பஸ்காலும் பெர்மாவும் 1654 இல் சூதாட்ட வினாவொன்றைக் குறித்துக் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்து இக்கலை வளர்ந்தது என நூல்கள் கூறும். ஆயின் நாம் புகழேந்தியாரின் வெண்பாவிற் பயின்ற நளன் கதையை நினைந்து பார்ப்போம். சூதில் நாடிழந்து தேர்ப்பாகனாய் மாறிய நளன் விதர்ப்ப நாடு நோக்கித் தேர் செலுத்துகையில், வழியில் நின்ற தான்றி மரத்தை இருதுபன்னன் ஒருமுறை நோக்கி, அதன் காய்களின் தொகையைக் கூறுகின்றான். வியாசர் பாரதம் இரு கிளைகளில் 2,095 காய்கள் என்று எண்ணே தருகின்றது. நளன் எண்ணிப் பார்க்க, தொகை சரியாகின்றது. அவ்வித்தையும் சூதின் வித்தையும் தன்னிடம் ஒருங்கே உள்ளன என்று இருதுபன்னன் கூற, நளன் குதிரை வித்தையைக் கொடுத்து அதனைப் பெறுகின்றான். தான்றிக் காயே பண்டு சூதுக்காயாக வழங்கியது என்பதும் ஈண்டு நினையத்தக்கது. இயன் ஹக்கிங் என்னும் அறிஞர் நிகழ்தகவின் தோற்றம் பற்றி 1975 இல் எழுதிய நூலில் இக்கதையை எடுத்தாண்டார். நளனைப் பற்றியிருந்த கலி அவனை விட்டு நீங்கியது எப்பொழுது? சூதை வெறுத்து ஒதுங்கியபோது அன்று. அதன் கணக்கைக் கற்ற அக்கணத்தில். இக்கதையை மாணாக்கர்க்கு ஒழுக்க பாடமாகவே நடத்தி வருகின்றோம். கணித பாடமாகவும் நடத்தலாம் என்பேன்.

தொலைபேசியைப் பறித்துவிட்டால் எல்லாம் தீரும் என்பார் உளர். பறித்த பின்னும் அவன் ஒருநாள் வளர்ந்து ஆளாவான். பேருந்து நிலையத்தில் லொத்தர்ச் சீட்டு விற்பவன் அவனை அழைப்பான். கடன் தருபவனும் காப்புறுதி விற்பவனும் அழைப்பர். அங்கும் இதே பின்னம்.

நிகழ்தகவு நம் பாடத்திட்டத்தில் உள்ளது. பையிலுள்ள சிவப்பு நீல மாபிள்களை எடுத்து வைத்து அதனை முடித்துவிடுகின்றோம். அம்மாபிள்களின் மேல் எந்தச் சிறுவனுக்கும் ஆசை இல்லை. அவன் ஆசை வைத்த பொருளைக் கரும்பலகைக்குக் கொண்டு வருவோம். இதற்குக் கணினிக் கூடம் வேண்டியதில்லை. ஆறுமுகப் பகடைக்காய்கள் சில போதும். நாற்பது மாணவரும் தத்தம் காயை ஆறாறு முறை உருட்டுக. ஆறு விழுதலே ஷைனி என்று கொள்க. உருட்டும் முன், ஆறு முறையும் ஆறு விழாதோர் எத்தனை பேர் இருப்பர் என ஒவ்வொருவனும் தன் கொப்பியில் எழுதுக. ஒருவருமில்லை என்றே பெரும்பாலோர் எழுதுவர். உருட்டி முடிந்ததும் வெறுங்கையர் கை உயர்த்துக. பதின்மூன்று கைகள் அளவில் உயரும். சில வகுப்புகளில் பத்து, சிலவற்றிற் பதினாறு. உயர்ந்த கைகளை எண்ணிக் கரும்பலகையில் எழுதிய பின்பு, ஆறில் ஐந்து என்னும் பின்னத்தை ஆறு முறை பெருக்கும் வேலையை அக்கை உயர்த்தியவரிடமே கொடுக்கலாம்.