501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்: மேலப்பாளையம் வீடுகளின் கரண்ட் பில் கணக்கு

கோடை மாதங்களுக்கான ரீடிங் எடுத்துவிட்டுப் போன மறுநாள் மேலப்பாளையத்தின் பல வீடுகளில் ஒரே பேச்சுதான் ஓடும். "போன தடவை ஆயிரத்து எழுநூறுதானே வந்தது, இந்தத் தடவை எப்படி இரண்டாயிரத்து முந்நூறைத் தாண்டியது?" லைட்டை அணைக்காமல் தூங்கிய பிள்ளைகளுக்குத் திட்டு விழும். சிலர் மீட்டரைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் இரண்டின் மீதும் குற்றமில்லை. காரணம் கட்டண அட்டவணையில் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் அமலான விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட், யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். (2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 3.16 சதவீத உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது.)

500-ஐத் தாண்டியதும் வேறு அட்டவணை வந்துவிடுகிறது. 100 இலவச யூனிட் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டாவது நூறுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை போய், அதற்கும் 4.70 கணக்காகும். கூடுதல் யூனிட்டுகளுக்கு 8.40, 600-க்கு மேல் 9.45 என்று ஏறும். 501 யூனிட் ஓடிய வீட்டின் பில் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! பீடிக் கூலியில் ஓடும் வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல.

ஆகவே "கரண்டை மிச்சம் பிடியுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதில் பயன் குறைவு. உங்கள் வீடு 500 கோட்டுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். நாளொன்றுக்கு 8.3 யூனிட் என்பதே எல்லை. ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் காலண்டரில் குறித்துவைத்து, முப்பதாவது நாளில் மீட்டரை ஒருமுறை பார்த்தால் போதும். 250-ஐத் தாண்டியிருந்தால் மீதி மாதத்தில் கவனம் வேண்டும். ரீடிங் எடுக்க வருபவர் தாமதித்தாலும் நஷ்டம் நமக்கே. தினம் 8 யூனிட் ஓடும் வீட்டுக்கு 60 நாளில் 480 யூனிட், பில் 1,679 ரூபாய். மூன்று நாள் கழித்து வந்தால் 504 யூனிட், 2,073 ரூபாய். அடுத்த முறை நாட்கள் குறையலாம்; ஆனால் கைவிட்டுப்போன சலுகை திரும்பாது. மாதம் ஒருமுறை கணக்கெடுப்பு என்று 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி தந்தது. ஆட்சிக்கு வந்து நான்கு ஆண்டுகள் கடந்த 2025-லும் அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

சரி, எதைக் குறைப்பது? லைட்டை அல்ல. 9 வாட் எல்இடி பல்பு தினம் ஆறு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான். நம் ஊரில் கரண்டைத் தின்பது ஃபேன். பீடித்தட்டை மடியில் வைத்துப் பெண்கள் நாள் முழுக்க வீட்டிலேயே வேலை செய்யும் ஊர் இது. கூடத்து ஃபேன் பகலிலும் ஓயாது, இரவிலும் ஓயாது. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். பிஎல்டிசி மோட்டார் வைத்த ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடும் ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். 540 யூனிட் ஓடும் வீடு இதனால் 500-க்குள் வந்துவிடும். 2,376 ரூபாய் பில் 1,805 ஆகும். மிச்சம் 571 ரூபாய். மூவாயிரம் ரூபாய் போட்டு வாங்கினாலும் ஐந்தாறு பில்லில் விலை திரும்பிவிடும்.

எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் கடையில் அதைப் பார்த்து வாங்கலாம். மாட்டும்போது சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்; அதோடு சேர்த்தால் இந்த ஃபேன் சரியாக ஓடாது.

மோட்டாரும் கவனிக்க வேண்டியது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 60 யூனிட். மாடித் தொட்டி நிரம்பி வழிவதில் வீணாவது தண்ணீர் மட்டுமல்ல.

ஏசி கதை தனி. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் உம்மாவுக்காக வாங்கி மாட்டிவிட்டுப் போவார். பில் கட்டுவது ஊரில் இருப்பவர்கள். மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்து, இரவில் எட்டு மணி நேரம் ஓட்டினால் 480 யூனிட். 300 யூனிட்டுக்கு 705 ரூபாய் கட்டிவந்த வீடு 780 யூனிட்டுக்கு 4,581 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். 18-ல் வைக்காமல் 24 அல்லது 26-ல் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாகச் சுழலவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

ஆனால் மேலப்பாளையத்தில் பணம் அதிகம் போவது இன்னொரு வழியில். வாப்பா கட்டிய வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் குடும்பத்தோடு இருப்பார்கள். அடுப்பு தனி, வாசல் தனி, மீட்டர் மட்டும் ஒன்று. சேர்ந்து 700 யூனிட் என்றால் பில் 3,825 ரூபாய். தனித்தனி இணைப்பில் ஆளுக்கு 350 யூனிட் என்றால் தலைக்கு 940, மொத்தம் 1,880 ரூபாய். பாதிக்கும் கீழே!

இது குறுக்கு வழி அல்ல. ஒரே கதவு எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்து, பகுதிகள் நிரந்தரத் தடுப்பால் பிரிக்கப்பட்டிருந்தால் தனி இணைப்பு தர மின் பகிர்மான விதித்தொகுப்பே இடம் தருகிறது. ஒரே குடும்பம் சலுகைக்காக இரண்டு மீட்டர் வைப்பதுதான் தவறு. 2022 கட்டண ஆணைக்குப் பிறகு வாரியம் அவற்றை ஒன்றாக்கச் சொல்கிறது.

சிக்கல் பெரும்பாலும் காகிதத்தில். இணைப்பு இன்னமும் மறைந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருக்கும். வாரிசுகள் பாகம் பிரித்திருக்க மாட்டார்கள். சூரிய மின்தகடுக்கும் இதுவே தடை. 2024-ல் வந்த மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் விண்ணப்பிக்க இணைப்பு உயிரோடிருப்பவர் பெயரில் இருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், சொத்துவரி ரசீது ஆகியவற்றோடு பெயர் மாற்ற வேலையை இந்தக் கோடைக்குள் தொடங்கிவிடலாம்.