கமிட் ஆனதும் கப்சிப்

ஜூன் 15 என்ற தேதியைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும். அமெரிக்காவில் டென்னிஸ் ஆடுகிற பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்த பிறகு வரும் ஜூன் 15 வரைக்கும் முதல் டிவிஷன் கல்லூரிக் கோச்சுகள் அவளுக்குப் போன் செய்யவோ மெசேஜ் அனுப்பவோ கூடாது. கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. அன்றைக்குக் காலையில் என் மகள் பல் துலக்கி வருவதற்குள் அவள் போனில் ஐந்து மெசேஜ். பெண் பார்க்க ஒரே நாளில் ஐந்து வீட்டார் வந்த மாதிரி, டாலஸ் புறநகரில் எங்கள் வீடு அல்லோலகல்லோலப்பட்டது.

அந்த ஐவரில் ஒருவரைத்தான் நாங்கள் முடிவு செய்தோம். அப்பப்பா, அப்போது அவர் காட்டிய அக்கறை! ஹூஸ்டனில் இவள் அரையிறுதியில் தோற்றால், கார் பார்க்கிங்கைத் தாண்டுவதற்குள் அவரிடமிருந்து ஆறுதல் வந்துவிடும். கல்லூரியைப் பார்க்கப் போனபோது அணியின் சட்டையில் இவள் பெயரை அச்சிட்டு மாட்டி வைத்திருந்தார்கள். போன ஆகஸ்டில், அந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று வாய்வார்த்தையாக ‘கமிட்’ ஆனாள். வாய்வார்த்தை இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தாது என்பதால் நவம்பரில் கையெழுத்தாகும்வரை எனக்குத் தூக்கமில்லை. ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று பல வருஷமாக இருந்த கடிதத்தை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது உதவித்தொகை ஒப்பந்தத்தில்தான் கையெழுத்து. போட்டாயிற்று. கேக் வெட்டியாயிற்று. இன்ஸ்டாகிராமில் முந்நூறு பேர் இதயம் போட்டாயிற்று.

அதோடு சரி. இவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

டிசம்பரில் லேசாகக் கேட்டேன். “கோச்சுக்கு ஒரு மெயில் போட்டியாடி?”

“எதுக்கும்மா? அதான் கமிட் பண்ணிட்டேனே.”

ஜனவரியில் மணிக்கட்டு வலி. ஆறு வாரம் ராக்கெட்டைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். கோச்சுக்குத் தெரியாது. ஆறு வாரம் ஆடாததில் அவளுடைய யு.டி.ஆர். என்கிற ஆட்டத் தரப்புள்ளி அப்படியே நின்றது. திரும்பி வந்து ஆடிய முதல் இரண்டு ஆட்டத்தில் இறங்கியும் போனது. அதை அவர் கட்டாயம் பார்த்திருப்பார். ஏன் இறங்கியது என்பதுதான் அவருக்குத் தெரியாது. பிப்ரவரியில் ஒரு கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு மண்பாண்டம் செய்கிற வகுப்பில் சேரப் போகிறேன் என்றாள். பதினாறு அடிப்படைப் பாடங்கள் சரியாக இருந்தால்தான் விளையாடத் தகுதி. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மதிப்பெண் பட்டியல் வரைக்கும் என்.சி.ஏ.ஏ.வுக்குப் போய்ச் சேர வேண்டும். விடுகிற பாடம் அந்தப் பதினாறில் ஒன்றா என்று கோச்சிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா? “அவர் பிஸிம்மா.”

பிஸிதான், ஒத்துக்கொள்கிறேன். ஜனவரியிலிருந்து மே வரைக்கும் கல்லூரி டென்னிஸ் சீசன். வாரக் கடைசியானால் ஏதோ ஒரு ஊரில், ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர் ஆட்டத்துக்கு நடுவில் அந்த மனுஷர் ஓடிக்கொண்டிருப்பார். ஆனால் அதே மனுஷர் போன வருஷம் இதே சீசனில் வாரம் தவறாமல் மெசேஜ் அனுப்பினாரே! அப்போது மட்டும் பிஸி இல்லையா?

என் பயம் இவளுக்குப் புரியவில்லை. 2025 ஜூனில் என்.சி.ஏ.ஏ. வழக்கில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் பெண்கள் டென்னிஸ் அணி பத்துப் பேரோடு முடிந்தது. பத்தில் ஒற்றையர் ஆடுவது ஆறு பேர். இன்னொரு பக்கம் டிரான்ஸ்பர் போர்ட்டல் என்று ஒன்று திறந்து கிடக்கிறது. வேறு கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடித் தேறியவளை கோச் அதிலிருந்து அள்ளிக்கொண்டு வரலாம். ஒப்பந்தம் உதவித்தொகைக்குத்தான் உத்தரவாதம். ஆறாவது இடத்துக்கு இல்லை. கண்ணில் படுகிறவளைத்தானே எந்தக் கோச்சுக்கும் ஞாபகம் இருக்கும்?

சரி, நானே ஒரு மெயில் போட்டுவிடலாம் என்றால், அதற்கும் வழியில்லை. பெற்றோர் எழுதினால் கோச்சுகளுக்குப் பிடிக்காது, பிள்ளைதான் பேச வேண்டும் என்பது இந்த ஊர் வேதம். இவளை விடிகாலை ஐந்து மணிக்குக் கோர்ட்டில் கொண்டுபோய் விட்டது நான். டோர்னமெண்ட் ஹோட்டல் அறைகளில் ரைஸ் குக்கரில் தயிர்சாதம் கிளறியது நான். ஆனால் வாயைத் திறக்க மட்டும் எனக்கு உரிமை இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். அவளிடம் புலம்பினேன். “ஏட்டி, வாத்தியாருக்கு ரெண்டு வரி எழுதினா புள்ள கொறஞ்சா போயிருவா?” என்று முதலில் என் கட்சிக்குத்தான் பேசினாள். அப்புறம் கேட்டாள்: “இதுக்கு முன்னால எழுதுனதெல்லாம் யாரு?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அறுபது கோச்சுகளுக்கு மகள் பெயரில் மெயில் எழுதியது நான்தான். பதிலுக்கு நன்றி சொன்னது நான். ஆட்ட வீடியோவுக்கு லிங்க் போட்டது நான். அவள் ‘சென்ட்’ பட்டனை மட்டும் அழுத்தினாள். ஜூன் 15 வந்தபோதும், என்ன பதில் அனுப்பலாம் என்று சமையலறைக்குத்தான் ஓடி வந்தாள். கையெழுத்தான அன்றோடு நான் எழுதுவதை நிறுத்தினேன். அன்றோடு பேச்சும் நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே எழுதினாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை; தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. “ஹாய் கோச்” என்று தொடங்கி, மணிக்கட்டு வலித்தது, சொல்லாமல் இருந்துவிட்டேன், பயமாக இருந்தது, இப்போது சரியாகிவிட்டது, மண்பாண்ட வகுப்பில் சேரலாமா என்று நாலே வரி. பயமாக இருந்தது என்ற வரியை நான் எழுதியிருக்கவே மாட்டேன். அந்தப் பயம் எனக்குத் தெரியவே தெரியாதே!

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. பத்தே நிமிஷம்! சீசன் நடுவில், ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் இந்த நாலு மாதமாக யார் யாருக்காகக் காத்திருந்தார்கள்?

என்ன பதில் என்று கேட்காதீர்கள். மகள் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோச் எனக்கு ஒரு ‘சிசி’கூடப் போடவில்லை.