உத்தி பிரித்தவனுக்கு எத்தனை மார்க்?

நம் தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. ஒருவர் யோசித்து எடுக்கும் தீர்மானத்துக்கும் 'முடிவு' என்று பெயர். அந்தத் தீர்மானம் கடைசியில் போய் நிற்கும் இடத்துக்கும் 'முடிவு' என்றே பெயர். ஒரே சொல்லாக இருப்பதாலோ என்னவோ, நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பலன் நன்றாக இருந்தால் முடிவெடுத்தவர் கெட்டிக்காரர், இல்லாவிட்டால் அசடு. இது நியாயம்தானா? ஒரு விளையாட்டை வைத்தே இந்தக் கேள்வியைக் கேட்க விரும்புகிறேன்.

மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானாவில் மாலையில் நிஜப் பந்தைத் தட்டிவிட்டு வரும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள், இரவானால் கம்ப்யூட்டரில் கூடைப்பந்து லீக் நடத்துகிறார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் பந்தும் இல்லை, மைதானமும் இல்லை. ஆளுக்கு ஓர் அணி. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உயரம், வேகம், குறி, தடுப்பு என்று எண்கள் உண்டு. அந்த எண்களை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரே ஆட்டத்தை நடத்தி ஸ்கோரைச் சொல்லிவிடும். பிள்ளைகள் செய்ய வேண்டிய பெரிய வேலை, ஆண்டுதோறும் வரும் புது ஆட்டக்காரர்களில் ஆளைத் தேர்ந்தெடுப்பது. அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியிலிருந்து எடுத்த முறை. போன வருஷம் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை. ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. ஊரில் சடுகுடு ஆட உத்தி பிரிப்போமே, அதற்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி நாளில் நானும் கூடைப்பந்து ஆடியவன் என்பதால் என்னை நடுவராக்கினார்கள். ஒவ்வொரு அணியின் தேர்வுக்கும் நான் மார்க் போட வேண்டும். வேடிக்கையான வேலை என்றுதான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அது அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லா எண்களையும் இரண்டு நாள் அலசி, பத்தொன்பது வயது நெட்டை ஆட்டக்காரன் ஒருவனை எடுத்தான். இரண்டு சீசன் கழித்து அந்த நெட்டையனின் எண்கள் சரிந்துவிட்டன. அன்று முதல் அந்த ஆட்டக்காரனின் பெயரே இந்தப் பையனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. மாடிப்படியில் பார்த்தாலும் அதே பெயர். கொஞ்ச நாளில் அவன் லீக்குக்கு வருவதையே நிறுத்திவிட்டான். இன்னொருவன், பெயர் ஒரு சினிமா நடிகர் பெயர் மாதிரி இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒருவனை எடுத்தான். அவன் நட்சத்திரமாகிவிட்டான். இப்போது மற்றவர்கள் ஆலோசனை கேட்கப் போவது இவனிடம்தான்!

இது பிள்ளைகள் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். 1984 என்.பி.ஏ. டிராஃப்டைப் பாருங்கள். முதலில் ஹூஸ்டன் அணி ஹகீம் ஒலாஜுவனை எடுத்தது. இரண்டாவதாகப் போர்ட்லண்ட் சாம் போவி என்ற ஏழடி உயரக்காரரை எடுத்தது. மூன்றாவதாக வந்த சிகாகோவுக்கு மைக்கேல் ஜோர்டன் கிடைத்தார். ஜோர்டன் சிகாகோவுக்கு ஆறு கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார். போவியின் கால் திரும்பத் திரும்ப முறிந்தது. நாற்பது வருஷமாகப் போர்ட்லண்டைப் பார்த்து ஊரே சிரிக்கிறது.

ஆனால் அன்றைக்குப் போர்ட்லண்டின் நிலைமை என்ன? ஜோர்டன் ஆடும் இடத்துக்கு, முந்தைய ஆண்டுதான் கிளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருந்தார்கள். அவரும் பிற்பாடு பெரும் புகழ் பெற்றவர். அவர்களுக்குத் தேவைப்பட்டது நடுவில் நிற்க ஓர் உயரமான ஆள். ஆகவே உயரக்காரரைத் தேடியது முட்டாள்தனம் அல்ல. கல்லூரியிலேயே கால் காயத்தால் இரண்டு சீசன் உட்கார்ந்திருந்தவரை நம்பியதற்குத்தான் மார்க் குறைக்க வேண்டும். அதிலும் மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். வலித்தபோதும் வலிக்கவில்லை என்று டாக்டர்களிடம் சொன்னதாகப் போவியே 2012-ல் ஓர் ஆவணப்படத்தில் தெரிவித்தார். என்னைக் கேட்டால் போர்ட்லண்டுக்குப் பத்துக்கு ஐந்து. பூஜ்யம் அல்ல.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது, பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஆட்டக்காரர்களுக்கு ஏலம் இல்லை, டிராஃப்ட்தான். தில்லி அணி தன் ஊர்ப் பையனான விராட் கோலியை விட்டுவிட்டு, வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். இன்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அன்று தில்லியிடம் சேவாக், கம்பீர், டி வில்லியர்ஸ் என்று மட்டை பிடிப்பவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். பந்து வீச ஓர் இளைஞன் வேண்டும் என்று நினைத்தது குற்றமா?

பலனைப் பார்த்துப் புகழ்வதிலும் இதே கோளாறுதான். 2014-ல் டென்வர் அணி 41-ஆவது இடத்தில் எடுத்த நிகோலா யோகிச் மூன்று முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகி, 2023-ல் கோப்பையும் வாங்கித் தந்தார். டென்வருக்கு என்ன தீர்க்கதரிசனம் என்று புகழ்கிறார்கள். ஆனால் அதே இரவில் யோகிச்சுக்கு முன்பாக அந்த அணி நுர்கிச், ஹாரிஸ் என்று இரண்டு பேரை வாங்கிக்கொண்டது. யோகிச் இப்படி வருவார் என்று தெரிந்திருந்தால் 41 வரை காத்திருப்பார்களா? நல்ல தேர்வு, சந்தேகமில்லை. ஆனால் தீர்க்கதரிசனம் என்பது நாம் பின்னால் சூட்டிய மகுடம்.

2003-ல் டெட்ராய்ட் அணி இரண்டாவதாக எடுத்த டார்கோ மிலிசிச் சோபிக்கவில்லை. அவருக்குப் பின் போன ஆன்டனி, பாஷ், வேட் மூவரும் நட்சத்திரங்கள். ஆயினும் மறு வருஷமே கோப்பையை வென்றது டெட்ராய்ட்தான். கோப்பையைப் பார்த்து மார்க் போடுவதென்றால் அந்தத் தேர்வுக்கும் நூற்றுக்கு நூறு கொடுக்க வேண்டியதுதான்!

அப்படியென்றால் எதை வைத்து மார்க் போடுவது? நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். தன் முறை வந்தபோது அவனுக்கு என்னென்ன தெரிந்திருந்தது, அல்லது தெரிந்துகொள்ள முடிந்திருக்கும்? அவன் அணிக்கு எது தேவை? அந்த நேரத்தில் வேறு யார் யார் மிச்சம் இருந்தார்கள்? இம்மூன்றையும் எடை போட்டு எடுத்திருந்தால் நல்ல மார்க். போடாமல் எடுத்திருந்தால், அவன் ஆள் நட்சத்திரமே ஆனாலும் குறைந்த மார்க்தான்.

"அப்படியானால் யார்மேலும் தப்பே சொல்ல முடியாதே, மாமா" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. தப்பு சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். பார்க்க வேண்டியதைப் பார்க்காதவன்மேல் சொல்லலாம். பார்க்க முடியாததைப் பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது.

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் லீக் எனக்கு ஒரு பள்ளிக்கூடமாகத் தெரிகிறது. அதில் இளம் ஆட்டக்காரர்களின் எண்கள் ஆண்டு முடிவில் ஏறுவதும் இறங்குவதும் பாதி தாயக்கட்டை உருட்டுகிற மாதிரிதான். நிஜ வாழ்க்கையில் உருட்டியது உருட்டியதுதான். 1984 மறுபடி வராது. கம்ப்யூட்டரிலோ டிராஃப்ட் இரவை அப்படியே சேமித்து வைத்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். பிள்ளைகளை உட்கார வைத்து அதைத்தான் செய்தேன். கேலிக்கு ஆளான அந்த நெட்டையன் ஒரு தடவை நட்சத்திரமானான், சில தடவை நல்ல ஆட்டக்காரனானான், சில தடவை வீணாய்ப் போனான். தேர்வு ஒன்றுதான், பலன் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மறுநாள் இரண்டு பேர் அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அவனைக் கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் சொல்லி அல்ல.

நம் முன்னோர்களுக்கு இது புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். உத்தி பிரிக்கும்போது சம பலமுள்ள இரண்டு பையன்கள் தள்ளிப் போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்று கேட்பார்கள். தலைவன் ஒன்றைச் சொல்வான். ஆட்டம் தோற்றால் "ஏண்டா சூரியனைக் கேட்டாய்?" என்று யாரும் அவன் சட்டையைப் பிடித்ததில்லை. ஆளைத் தேர்வதற்கென்றே வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் வைத்தார். எடுக்கும் முன் ஆராய்வதற்கே அத்தனை அக்கறை.

ஊரை விட்டு வந்த நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். 1970-களில் பம்பாய்க்கு ரயிலேறி வந்து ஜவுளி மில்லில் சேர்ந்தவர் அன்று ஊரார் கண்ணில் சாமர்த்தியசாலி. 1982 ஜனவரியில் மில் வேலைநிறுத்தம் தொடங்கி, மில்கள் மூடிய பிறகு அதே மனிதர் விவரமில்லாதவர். 1999-ல் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்த பிள்ளை புத்திசாலி. 2001-ல் அந்தத் துறை சரிந்தபோது அசடு. அடுத்த சில ஆண்டுகளில் மறுபடி புத்திசாலி. ஒரே படிப்பு, ஒரே பிள்ளை! இப்படிப் பேசுகிற வீட்டில் வளரும் குழந்தைகள், யோசித்து முடிவெடுக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். பழி வராத முடிவை எடுக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். எல்லோரும் போகிற வழியில் போனால் தோற்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

வரும் டிராஃப்டுக்கு ஒரு புது விதி கொண்டுவந்திருக்கிறேன். ஆளை எடுக்கும்போதே ஏன் எடுக்கிறேன் என்று இரண்டு வரி எழுதித் தர வேண்டும். மார்க் அந்த இரண்டு வரிக்குத்தான். கோப்பைக்குத் தனியாகக் கைதட்டு உண்டு. பிள்ளைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் விண்ணப்பம் போடும் சமயத்தில் நம் வீடுகளிலும் இதைச் செய்து பார்க்கலாம். காரணத்தை அன்றே கேட்டு, ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். ஐந்து வருஷம் கழித்துத் திட்டவோ புகழவோ தோன்றினால், முதலில் அந்த நோட்டை எடுத்துப் படியுங்கள். மாற்று அபிப்பிராயம் உள்ள அன்பர்கள் அவசியம் ஆசிரியருக்கு எழுதுங்கள்; படிக்கக் காத்திருக்கிறேன்.