கஷ்டமான போர்டு, ஈஸியான சீட்டா?

ஜனவரி வந்தா போதும், மூலக்கடையில இருந்து எருக்கஞ்சேரி ஹை ரோடு வரைக்கும் ஸ்கூல் பேனர்தான். சிபிஎஸ்இ, கூடவே ஐஐடி ஃபவுண்டேஷன், அதுவும் ஆறாவதுல இருந்தே. ஹார்பர்லயும் மணலி கம்பெனிகள்லயும் ஷிஃப்ட் பார்க்கிற நம்ம கொடுங்கையூர் அப்பாக்கள் அதைப் பார்த்துட்டு, ஸ்டேட் போர்டுல ஒழுங்கா படிச்சிட்டிருக்கிற பிள்ளையை எட்டாவது, ஒன்பதாவதுல மாத்துறாங்க. கஷ்டமான சிலபஸ் படிச்சா நல்ல காலேஜ் கிடைக்கும்னு ஒரு நம்பிக்கை.

தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்கைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லைங்கிறது என் கருத்து.

இங்கே நுழைவுத் தேர்வை எடுத்தது 2006 சட்டம். அதுக்கப்புறம் பிளஸ் டூ மார்க் மட்டும்தான். மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200-க்கு கட்-ஆஃப். வேற போர்டு பசங்களுக்கு அநியாயம் நடக்கக்கூடாதுன்னு அதே சட்டத்துல நார்மலைசேஷன் வெச்சிருக்காங்க. ஸ்டேட் போர்டுல பிசிக்ஸ் டாப் மார்க் 100, இன்னொரு போர்டுல டாப் மார்க் 90-ன்னு வையுங்க. அந்த 90-ஐ 100-ஆ எடுத்துப்பாங்க. அதே போர்டுல 60 எடுத்தவனுக்கு 66.66 ஆகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த போர்டுல இந்தியாவோட ஏதோ ஒரு மூலையில ஒரே ஒரு ஆள் 100 வாங்கிட்டா? கதை முடிஞ்சது. உங்க 85 அப்படியே 85-தான். பேப்பர் எவ்வளவு கஷ்டம், நடுவுல இருக்கிறவன் எவ்வளவு திணறினான்னு அந்த ஃபார்முலா பார்க்கவே பார்க்காது. முதல் ஆளை மட்டும்தான் பார்க்கும். அரை மார்க்குக்கே ரேங்க் நூத்துக்கணக்குல தள்ளிப்போற இடத்துல இது சின்ன விஷயம் இல்லை.

வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு ஐபி டிப்ளமா படிக்கிறவங்க கதை வேற. அங்கே எந்த சப்ஜெக்ட்டை எந்த லெவல்ல எடுத்தீங்கன்னு அப்ளிகேஷனைப் படிக்க ஒரு மனுஷன் இருப்பார். நம்ம கவுன்சலிங் கம்ப்யூட்டருக்கு அந்தக் கண் கிடையாது.

சரி, ஜேஇஇ? அங்கே என்சிஇஆர்டி புக் நல்லா படிச்சவனுக்கு ஆரம்பத்துல கொஞ்சம் லாபம் இருக்கு, மறுக்கலை. ஆனா என்ஐடி ரேங்க் ஜேஇஇ ஸ்கோர்ல மட்டும்தான். போர்டு மார்க் வெறும் கேட் பாஸ்: 75 சதவீதம், இல்லைன்னா உங்க போர்டுல டாப் 20 பர்சன்டைல். திருச்சி என்ஐடியில பாதி சீட் நம்ம மாநிலத்துக்கு. அதுக்கும் நீங்க எந்த போர்டுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. 2018-ல இருந்து வந்த நம்ம புது பிளஸ் ஒன், பிளஸ் டூ புக்கைத் திறந்து பார்க்காமலே அது ஈஸின்னு சொல்றவங்கதான் அதிகம். கால்குலஸ் சேப்டரைக் காட்டினா அமைதியாயிடுவாங்க.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரியுற இடம் இன்னொண்ணு. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரை படிச்சவங்களுக்கு 2021-ல இருந்து இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. கார்ப்பரேஷன் ஸ்கூலும் இதுல சேரும். சீட் கிடைச்சா காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசே கட்டுது. ஒன்பதாவதுல டி.சி. வாங்கின அன்னைக்கே அது போச்சு. இதை எந்த பேனர்லயும் போட மாட்டாங்க, போட்டா யார் சேருவாங்க?

(நானும் இங்கிலீஷ் மீடியம்தான். இதைத் தமிழ்ல எழுத மூணு ராத்திரி ஆச்சு. அதனால மெட்ரிக் மேல கோபம்னு நினைக்காதீங்க.)

எங்க தெருவுல ஒரு அண்ணனோட பொண்ணு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல எட்டாவது படிக்குது, கணக்குல கில்லி. சிபிஎஸ்இ ஸ்கூலுக்கு அட்வான்ஸ் கட்டலாமான்னு அந்த அண்ணன் கேட்டார். அந்த 200 கணக்கையும் 7.5-ஐயும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில மடிச்சு வெச்சுக்கிட்டு நைட் ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கார்.