இருதயத்தை எங்கே தைப்பது?

"நீதான் பத்திரிகையில் எழுதுகிறாயே, இதைக் கொஞ்சம் விசாரித்துச் சொல்லேன்" என்று எதிர் வீட்டு மாமி ஒரு காகிதத் துண்டை நீட்டினாள். மாமியின் தம்பிக்கு இருதயம் மிகவும் பலவீனப்பட்டுவிட்டது. மாற்று இருதயத்துக்குப் பெயர் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார். காகிதத்தில் 'பைகேவல்' என்று ஒரே ஒரு வார்த்தை. பழைய முறையை விட்டு இந்த முறையில்தான் செய்வோம் என்றாராம் டாக்டர். "முறை இரண்டு இருந்தால், ஒன்று உசத்தியாகவும் ஒன்று மட்டமாகவும்தானே இருக்கும்? எது எது என்று தெரிந்தால் ராத்திரி தூங்குவேன்" என்றாள் மாமி.

நியாயமான கேள்விதான். விசாரித்தேன்.

இருதயத்தோடு சேர்ந்த பெரிய குழாய்களை எண்ணிப் பாருங்கள். உடம்பிலிருந்து அசுத்த ரத்தத்தைக் கொண்டு வருபவை 2. நுரையீரலிலிருந்து சுத்த ரத்தம் கொண்டு வருபவை 4. வெளியே கொண்டு போகிறவை 2. ஆக எட்டு. எட்டையும் தனித்தனியே தைத்துக்கொண்டிருந்தால் நேரம் பறந்துவிடும். வெளியே எடுத்த இருதயமோ, பனிக்கட்டிக் குளிர்ச்சியில் வைத்தாலும் சுமார் 4 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த நார்மன் ஷம்வே, ரிச்சர்டு லோயர் என்ற இரு டாக்டர்கள் இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். நோயாளியின் இருதயத்தை வெட்டி எடுக்கும்போது, மேலறைகள் இரண்டின் பின் சுவரை மட்டும் குழாய்களோடு அப்படியே விட்டுவிடுவது. புது இருதயத்தின் மேலறைகளை அந்தச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவது. ரவிக்கையின் முதுகுத் துணியை விட்டுவிட்டு முன் பக்கத்தை மட்டும் புதிதாக வைத்துத் தைக்கிற மாதிரிதான். எட்டுத் தையல் நாலாகக் குறைந்துவிட்டது! இப்படி நாய்களுக்கு இருதயம் மாற்றி, அவை பிழைத்து நடமாடியதை 1960-ம் வருஷம் அவர்கள் வெளியிட்டார்கள்.

ஆனால் மனிதனுக்கு முதலில் செய்த பெருமை இருவரில் ஒருவருக்கும் கிட்டவில்லை. 1967 டிசம்பர் 3-ந் தேதி தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்து க்ரூட் ஷூர் ஆஸ்பத்திரியில் கிறிஸ்டியான் பர்னார்டு செய்து, ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றுவிட்டார். அவருடைய நோயாளி லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாள் இருந்தார். தையல் பிரியவில்லை, இருதயமும் நிற்கவில்லை. அந்நிய உறுப்பை உடம்பு எதிர்க்காமல் இருக்கக் கொடுத்த மருந்துகள் அவருடைய நோய் எதிர்ப்புச் சக்தியையே ஒடுக்கிவிட, நிமோனியா வந்து கொண்டு போய்விட்டது.

1968-ல் உலகெங்கும் நூறு பேருக்கு மேல் இருதயம் மாற்றினார்கள். பம்பாய் கே. இ. எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. கே. சென் அந்த பிப்ரவரியிலேயே செய்தார். நோயாளி சில மணி நேரமே உயிரோடிருந்தார். மற்ற இடங்களிலும் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்துபோக, அநேக ஆஸ்பத்திரிகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டன. ஷம்வே பிடிவாதமாக நடத்தி வந்தார். எனக்கென்னவோ, பர்னார்டைவிட இந்த மனிதரிடம்தான் மதிப்பு அதிகம். 1980-களில் ஸைக்ளோஸ்போரின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகுதான் நோயாளிகள் வருஷக்கணக்கில் வாழத் தொடங்கினார்கள்.

வாழத் தொடங்கியதும் பழைய தையலின் குறைகளும் தெரிய வந்தன. பாதி பழையது, பாதி புதியது என்று ஒட்டுப் போட்ட மேலறை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடுகிறது. போதாதற்கு, விட்டுவைத்த பழைய சுவர் தன் பழைய தாளத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். புது இருதயம் வேறொரு தாளம் போடும். வலது மேலறையில், தாளம் எடுத்துக் கொடுக்கும் சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. தையல் அதன் பக்கத்தில் ஓடுவதால் சிலருக்கு அது சோர்ந்து, பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வால்வு சரியாக மூடாமல் ரத்தம் கசிவதும் உண்டு.

அதனால் 1990-களின் ஆரம்பத்தில் ஐரோப்பிய டாக்டர்கள் வேறு வழி கண்டார்கள். நோயாளியின் வலது மேலறையை முழுக்க எடுத்துவிட்டு, புது இருதயத்தின் வலது மேலறையைக் குலைக்காமல் வைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் வரும் இரு பெருங்குழாய்களைத் தனித்தனியே தைப்பது. இதுதான் மாமியின் 'பைகேவல்'. நாலு தையல் ஐந்தாகும். சில நிமிஷங்கள் கூடுதல். குழாயின் வாய் சுருங்கிவிடாமல் பார்த்துத் தைக்க வேண்டும். பலன்? அமெரிக்கக் கணக்கொன்றில், பழைய முறையில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. புது முறையில் சுமார் 2 பேருக்குத்தான். வால்வுக் கசிவும் குறைவு. ஆயுளைப் பொறுத்தவரை வித்தியாசம் சொற்பமே. எந்தத் தையலானாலும், மாற்றிக்கொண்டவர்களில் பாதிப் பேர் சுமார் 12 வருஷமோ அதற்கு மேலுமோ வாழ்கிறார்கள்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. 1974-ல் பர்னார்டு, பழைய இருதயத்தை எடுக்காமலே பக்கத்தில் இன்னொன்றை வைத்துத் தைத்தார். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு! நுரையீரலுக்கு இடநெருக்கடி, பழைய இருதயத்துக்குள் ரத்தம் உறைகிற ஆபத்து. இன்று அதை அபூர்வமாகத்தான் செய்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியதையும் சொன்னேன். எந்த முறையானாலும் நரம்புகள் அறுபட்டுவிடுவதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90, 100 என்று அடிக்கும், பயப்பட வேண்டாம். மாடிப்படி ஏறினால் உடனே வேகம் பிடிக்காது, சில நிமிஷம் ஆகும். அதனால் அவசரப்படுத்தக் கூடாது. இருதயத்தின் ரத்தக் குழாய் அடைத்தாலும் மார்வலி தெரியாமல் போகலாம். டாக்டர் சொல்லும் பரிசோதனைகளைத் தவற விடவே கூடாது. மருந்தோ ஆயுசு பரியந்தம்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "புது முறையில் அவனுடைய பழைய இருதயம் துளிக்கூட மிஞ்சாதா?" என்றாள்.

"இடது மேலறையின் பின்புறம் கொஞ்சம் இருக்கும் மாமி. நுரையீரல் குழாய்கள் நாலும் அதில்தான் சேர்கின்றன."

"இருக்கட்டும். அவனுடையதும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.