உறங்கிக் கிடந்த இயந்திரம்

மின்சாரம் ஒழுங்காக வரும் நாட்களில் மின்பிறப்பாக்கியை எவரும் நினைப்பதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை நீண்டபோது, கண்டியில் வசதியுள்ள இல்லங்கள் பலவற்றில் சிறிய பெற்றோல் மின்பிறப்பாக்கிகள் குடிபுகுந்தன. பின்னர் வெட்டு நின்றது. இயந்திரங்களும் சாக்கைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியின் கீழே உறங்கப் போயின.

ஹந்தானைச் சரிவிலுள்ள எங்கள் அயல் வீட்டிலும் அவ்வாறு ஒன்று கிடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புரிந்த சேட்டையினால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பத்திரிகைகள் அதைச் சொல்லிச் சிரித்தன. அயல் வீட்டில் எவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவ்வீட்டு மூதாட்டியார் பிராணவாயு இயந்திரத்தின் துணையோடு மூச்சு விடுபவர். கைவசமிருந்த சிறு பிராணவாயுக் கலன் இரண்டு மணி நேரந்தான் தாங்கும் என்றார்கள். பேரன் ஓடிவந்து, "மாமா, இருபது தரம் கயிற்றை இழுத்துவிட்டேன். ஒரு செருமல்கூட இல்லை. ஒருக்கால் வந்து பாருங்கள்" என்றான்.

தாங்கியின் மூடியைத் திறந்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. பெற்றோல் மணக்கவில்லை, பழைய வார்னிஷ் மணத்தது. பெற்றோல் என்பது ஒரே பொருளன்று. இலேசானவையும் கனமானவையுமான பல எண்ணெய்களின் கலவை. எளிதில் ஆவியாகி முதற் பொறியிலேயே தீப்பற்றுவது அந்த இலேசான பகுதிதான். இரண்டு மூன்று மாதங்கள் சும்மா கிடந்தாலே அது பெருமளவு பறந்துவிடும். எஞ்சியது காற்றோடு கலந்து பிசினாக மாறும். 1990ஆம் ஆண்டுக்குப் பின் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மண்ணெண்ணெயில் இயந்திரம் ஓடும்; ஆனால் குளிர்ந்த நிலையில் கிளம்பாது. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோலைப் பொன்போலப் போற்றி வைத்திருந்து ஊட்டினார்கள். பழைய பெற்றோலும் ஏறக்குறைய அம்மண்ணெண்ணெயின் நிலையை அடைந்துவிடுகிறது.

நோய் எதுவெனக் காண ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே சுருக்கமான வழி. முனை ஈரமாயிருந்தால் பெற்றோல் மிகுதியாய் ஏறிவிட்டது என்று பொருள். துடைத்துச் சற்று ஆறவிட வேண்டும். உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவேயில்லை. எங்களுடையது எலும்புபோல் உலர்ந்திருந்தது. காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினோம். பெற்றோல் புகும் ஜெற் எனும் துளை ஒரு மில்லிமீற்றர் அகலங்கூட இல்லாதது. அதைப் பிசின் அடைத்துக் கிடந்தது. பையன் ஓர் ஊசியை எடுத்து வந்தான், நான் தடுத்தேன். இரும்பு ஊசி பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிடும். மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையினால் மெல்லத் துழாவி, புதுப் பெற்றோலில் கழுவிப் பூட்டினோம்.

அப்படியும் அது கிளம்பவில்லை! மணியோ ஒன்றைக் கடந்துவிட்டது.

காரணம் எங்கள் காலடியில் இருந்தது. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில், எஞ்சின் ஒயில் குறைந்தால் பொறியை நிறுத்திவிடும் சிறு மிதவையொன்று உள்ளே உண்டு. தரை சரிந்திருந்தால், ஒயில் போதியளவு இருந்தும் இல்லையென்று அது எண்ணிக்கொள்ளும். கண்டியில் சமதரை எந்த வீட்டு முற்றத்தில் இருக்கிறது? இயந்திரத்தைத் தூக்கி, மட்டமான சீமெந்துத் தரையில் வைத்தோம். மூன்றாவது இழுப்பில் அது முழங்கிற்று.

அச்சமயம் தூறல் தொடங்கவே, வீட்டார் அதைச் சமையலறைக்குள் எடுத்துவைக்க முற்பட்டார்கள். இவ்விடத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேச நேர்ந்தது. புகையில் வெளிவரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. உறங்குகிறவர் உறக்கத்திலேயே மாண்டு போவார். யன்னல்களிலிருந்து இருபது அடியாவது தள்ளி, தகரக் கூரையொன்றை நாட்டி, அதன் கீழ் வைத்து நீண்ட கம்பி இழுத்தோம். கலன் தீரும் முன்பே மூதாட்டியாரின் இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது.

நெடுநாள் வைப்பதானால் தாங்கியை முற்றாக வடித்துவிட வேண்டும். பின்னர், தானே நின்றுபோகும் வரை இயந்திரத்தை ஓடவிட்டால் காபரேற்றரும் வற்றிவிடும். பிளக் துளைவழி ஒரு தேக்கரண்டி ஒயில் ஊற்றி இரண்டு தரம் கயிற்றை இழுத்து, பிளக்கைப் பூட்டிய பின், கயிறு இறுகும் இடத்தில் நிறுத்தினால் வால்வுகள் மூடிக்கொள்ளும். நம்மூர் ஈரக்காற்று உள்ளே புகாது. வடித்த பெற்றோலைப் பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து அடுப்படியில் வைப்பதைவிட இயந்திரம் கெடுவதே மேல். 2022இல் எத்தனையோ வீடுகளில் அவ்வாறு வைத்திருந்தார்கள்; நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது.

சில வாரங்களின் பின் அவ்வியந்திரம் நுவரெலியாவில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு லொறியில் பயணமாயிற்று. தாங்கியை வடித்து, பெற்றோல் டாப்பை மூடி, நிமிர்ந்த நிலையிலேயே கயிற்றால் கட்டும்படி சொல்லி அனுப்பினேன். சாய்த்துப் படுக்கவைத்தால் ஒயில் சிலிண்டருக்குள்ளும் காற்று வடிகட்டிக்குள்ளும் வழிந்துவிடும். தெரியாமல் அங்கே கயிற்றை ஓங்கி இழுப்பவர் இயந்திரத்தையே உடைக்கக்கூடும். பிளக்கைக் கழற்றி, மெல்ல இழுத்து ஒயிலை வெளியேற்றிய பின்னரே கிளப்ப வேண்டும்.

மறுநாள் பையன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, கறுப்புப் புகை கக்குகிறது, பல்புகளும் மங்கல். லொறியில் ஏதும் பழுதாகிவிட்டதோ?" பழுதொன்றுமில்லை. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்று ஐதானது. அதே காபரேற்றர் அதே அளவு பெற்றோலை ஊட்டுவதால் கலவை கொழுத்துப்போகிறது. வலுவிலும் ஆறிலொரு பங்களவு குறைந்துவிடுகிறது. அங்கேயே நிரந்தரமாக நீரிறைக்கும் தோட்டக்காரராயின் சிறிய ஜெற் ஒன்றைப் பூட்டுவிப்பது நன்று. ஒரு நாள் திருமணத்துக்கு அது எதற்கு? அலங்கார விளக்குகளில் ஒரு சரத்தை அணைத்துவிடச் சொன்னேன்.