இடம் கிடைக்காதவருக்கும் ஒரு பதில்



பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நம் அலுவலகத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. இதழ் தாமதமாக வந்தது என்று கோபித்துக்கொள்ள அழைத்தவர்கள்கூட, பேச்சை முடிக்கும்போது குரலைத் தணித்து, "நம்ம பொண்ணு 182 கட்-ஆஃப் சார். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறோம். கவுன்சலிங் தொடங்கியதும் கேள்வி மாறிவிடுகிறது. "பக்கத்து வீட்டுப் பையன் நம்ம பொண்ணைவிடக் கம்மி மார்க். அவனுக்குக் கிடைச்சிருச்சு. இது என்ன நியாயம்?"

முதல் கேள்விக்குச் சென்ற ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு ஒரு பக்கமாவது வேண்டும். இந்த மாதம் என் பக்கத்தை அதற்கே தருகிறேன்.

அரசுக் கல்லூரி எல்லோருடைய வரிப்பணத்திலும் எழுந்தது. இடம் கிடைக்காத பிள்ளையின் பெற்றோரும் சோப்பு வாங்கும்போதும் பஸ் ஏறும்போதும் அதற்குத் தங்கள் பங்கைக் கொடுத்தவர்கள். ஆகவே திருப்பி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் 'ஏன் இல்லை' என்று சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. இடம் பெற்றவரைக் கேட்டு ஒரு விதியின் நியாயத்தை அறிய முடியாது. எந்த விதியாக இருந்தாலும் அவருக்கு அது நல்ல விதிதான். நூலிழையில் தவறவிட்டவரிடம் காரணத்தைச் சொல்ல முடிகிறதா, அதை அவரே சரிபார்த்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் அரசியல் சாசனத்தையே திருத்த வைத்த ஊர் நம்முடையது. சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் இடங்களை வகுப்புவாரி அரசாணைப்படி பங்கிட்டார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜனும் சி.ஆர். சீனிவாசனும் இதை எதிர்த்து வழக்காடினார்கள். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழகத்தில் கொந்தளிப்பு. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது. கல்வியில் பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) பிரிவு அப்போது பிறந்ததுதான்.

'மதிப்பெண் இருந்தும் எனக்கு ஏன் இல்லை' என்பது ஒரு வீட்டின் கேள்வி. 'தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்ட எங்களுக்கு எப்போது' என்பது இன்னொரு வீட்டின் கேள்வி. இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. அன்றிலிருந்து இன்றுவரை வந்த விதிகள் எல்லாமே இந்த இரண்டு வீடுகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லப் பார்த்தவைதாம்.

சில முயற்சிகள் நிற்கவில்லை. மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்ததை 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்க, இன்னொரு மாவட்டத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர் வெளியே நிற்க நேரும் என்பது அதன் வாதம். 1970இல் பெரியகருப்பன் வழக்கில் மருத்துவக் கல்லூரி நேர்காணல் நடந்த விதத்தில் நீதிமன்றம் குறை கண்டது. நேர்காணலில் மதிப்பெண் குறைந்த மாணவர், எதனால் குறைந்தது என்று தெரிந்துகொள்ளவே வழியிருக்காது. அவருக்குச் சொல்லப் பதில் இல்லாத விதி அது.

நாம் கைவிட்ட அந்த மாவட்டக் கணக்கு கடலுக்கு அப்பால் வேறு கதையானது. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் 'தரப்படுத்தல்' வந்தது. தமிழ் மொழிமூலம் எழுதிய மாணவர் சிங்கள மொழிமூலம் எழுதியவரைவிடக் கூடுதல் புள்ளி பெற்றால்தான் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுழைய முடியும் என்ற நிலை. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனத்தில் அது ஏற்படுத்திய காயம் எதில் போய் முடிந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்று அங்கே இசட் புள்ளி முறை. இடங்களில் 40 சதவீதம் நாடு தழுவிய தகுதிக்கு, 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்ட ஒதுக்கீட்டால் முல்லைத்தீவு, மன்னார் போன்ற இடங்களின் தமிழ்ப் பிள்ளைகளும் பயன் பெறுகிறார்கள். கருவி அதேதான், யாரைத் தூக்கிவிட, யாரைத் தடுக்க என்ற நோக்கத்தில்தான் அது மருந்தாவதும் நஞ்சாவதும்.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்த 300 மதிப்பெண் கட்-ஆஃப் நினைவிருக்கும்: பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. ஒரே வினாத்தாள், எல்லோருக்கும் ஒரே நேரம். பார்வைக்கு இதைவிட நியாயம் வேறில்லை. ஆனால் கோச்சிங் சென்டர் இருந்த ஊர்ப் பிள்ளையும் இல்லாத ஊர்ப் பிள்ளையும் ஒரே நாளில் அதே தாளை எழுதினார்கள். பொதுத்தேர்வு முடிந்த கையோடு நகரத்துக்கு வந்து அறை எடுத்துத் தங்கிப் படிக்க யாரால் முடிந்ததோ அவர்களுக்கு அந்த 100 மதிப்பெண் இலகுவானது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் எம். ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் 2006இல் அமைந்த குழு நுழைவுத் தேர்வை நீக்கப் பரிந்துரைத்தது. முந்தைய ஆட்சியில் நடந்த முயற்சி நீதிமன்றத்தில் தடுக்கப்பட்டிருந்ததால், இம்முறை சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2007 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் இன்றைய கட்-ஆஃப் அந்தச் சட்டத்தின் தொடர்ச்சி.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விக்கும் அந்தச் சட்டத்திலேயே பதில் உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தின் முதல் மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தில் 95 என்றால், அந்த 95ஐ 100க்குச் சமமாக்கி மற்ற மதிப்பெண்களையும் அதே விகிதத்தில் உயர்த்துவார்கள். இருவர் ஒரே கட்-ஆஃப் எடுத்தால் பாட மதிப்பெண்கள் முதலானவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அவற்றிலும் சமமானால் வயதில் மூத்தவரை முன்னால் வைப்பார்கள். பிறந்த நாளும் ஒன்றாக இருந்தால் கணினி ஏற்கெனவே தந்திருக்கும் சமவாய்ப்பு எண். அதுவரை இறங்கி வருகிற வீடுகள் சொற்பம்தான். ஆனாலும் அந்த எண்ணை விண்ணப்பித்த எல்லோருக்கும் கொடுத்து, முன்கூட்டியே வெளியிடுகிறார்களே, அதை நான் மதிக்கிறேன். பரிந்துரைக் கடிதம் நுழையக்கூடிய கடைசி ஓட்டையும் அதோடு அடைபடுகிறது.

விதி மாறினால் பள்ளிக்கூடமும் மாறிவிடும் என்பதையும் அந்த ஆண்டுகளில் பார்த்தோம். பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானதும் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் விடுதிப் பள்ளிகள் பெருகின. 'பிராய்லர் பள்ளி' என்ற பெயர் சும்மா வரவில்லை. அங்கே 190க்கு மேல் எடுத்து வந்தவர்கள் பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் தடுமாறினார்கள். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்ததற்கு அது ஒரு காரணம். எதை அளக்கிறோமோ அதையே சொல்லிக் கொடுப்பார்கள்; சேர்க்கை விதி எழுதுகிறவர் தன்னை அறியாமலே பாடத்திட்டமும் எழுதிவிடுகிறார்.

மருத்துவம் 2017 முதல் நீட் வழியில் போய்விட்டது. 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அதன் விளைவுகளை ஆராய்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதி நுழைகிறவர்களின் பங்கு ஏறியிருப்பதை அது எடுத்துக்காட்டியது. ஓராண்டு வீட்டில் இருந்து மறுபடி படிக்க ஒரு குடும்பத்துக்கு வசதி வேண்டும். நுழைவுத் தேர்வு பற்றி மேலே சொன்ன கவலைதான். அளவு மட்டும் பெரிது.

சரி, பக்கத்து வீட்டுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். தமிழகத்தில் இடஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தனியாக 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியருக்கான 3 உட்பட ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. மீதி 31 யாருக்கும் தனியாக ஒதுக்கப்பட்டதல்ல. அது பொதுப் போட்டி. எந்தச் சமூகத்துப் பிள்ளையும் ரேங்க் இருந்தால் அதில் நுழையலாம், நுழைகிறார்கள். 'ஓ.சி. இடம்' என்று பேச்சுவழக்கில் சொல்வதால் அது ஒரு சாதிப் பிரிவின் சொத்து என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. உங்கள் பெண்ணும் அந்தப் பையனும் பொதுப் பட்டியலில் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். அங்கே உங்கள் பெண் முன்னால், அவன் பின்னால். அந்த வரிசையில் இடங்கள் தீர்ந்த பிறகு அவன் தன் பிரிவின் வரிசையில் நின்று இடம் பெற்றான். உங்களுக்கு இதில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்தப் பட்டியலில், எந்த இடத்தில், எத்தனை பேருக்குப் பிறகு என்பது வரை நீங்கள் சரிபார்க்கலாம்.

சாதிக் கணக்கு தொடாத ஒரு தூரத்தை 7.5 சதவீத ஒதுக்கீடு தொட்டது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை அடுத்து 2020இல் மருத்துவத்திலும், நீதிபதி முருகேசன் குழுவை அடுத்து 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றிலும் இது வந்தது. எல்லாச் சமூகப் பிரிவுகளுக்கு உள்ளேயும் குறுக்காக ஓடும் ஒதுக்கீடு என்பதால் 69 கலையவில்லை. இப்படிச் சேரும் பொறியியல் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. இடம் கொடுத்துவிட்டுக் கட்டணச் சீட்டை நீட்டினால் அந்த இடம் வெறும் காகிதம்தான். அதை உணர்ந்து செய்த விதி இது.

எல்லைக்கோடு போட்டால் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கத்தான் செய்வார்கள். அரசு உதவிபெறும் பள்ளியில், அதே ஏழ்மையில் படித்த பிள்ளைகள் 'நாங்கள் மட்டும் ஏன்' என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. காரணம் வெளிப்படையாக இருப்பதால்தான் கேட்கவும் முடிகிறது. நேர்காணல் காலத்தில் தோற்றவருக்கு எதை எதிர்த்து வாதாடுவது என்றே தெரியாது.

விதி இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பாக்கி இருக்கும் அநியாயம் எங்கே என்று கேட்டால், பெரும்பகுதி தகவலில் இருக்கிறது என்பேன். 2018க்கு முன் பொறியியல் கவுன்சலிங்குக்குப் பிள்ளையும் பெற்றோருமாக அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு வந்து, திரையில் காலியிடங்களைப் பார்த்து, அங்கேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணத்தில் பாதிச் சலுகை கொடுத்தார்கள். இப்போது எல்லாம் ஆன்லைன். பயணம் மிச்சம். ஆனால் விருப்பப் பட்டியலை நிரப்பத் தெரிந்த அண்ணனோ அக்காவோ இருக்கும் வீடு ஒரு படி முன்னால் நிற்கிறது.

அதனால் மூன்று விஷயங்கள். ஒன்று: விருப்பப் பட்டியலில் உண்மையிலேயே எது வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் விருப்பத்தைக் கணினி தருகிறது. எட்டாத கல்லூரியை மேலே எழுதியதால் எட்டும் கல்லூரி கைநழுவாது. 'சேஃபா' இருக்கட்டும் என்று சுமாரான கல்லூரியை முதலில் எழுதி, அதுவே கிடைத்துவிட்டதே என்று வருந்துவோர் ஆண்டுதோறும் உண்டு. இரண்டு: குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு; நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. மூன்று: பொறியியல் மட்டுமே கல்லூரி அல்ல. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையவழியில் விண்ணப்பித்துத் தரவரிசைப்படி சேரலாம். அங்கே பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணே ரேங்க்கைத் தீர்மானிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

மதிப்பெண் குறைந்தவருக்குச் சொல்லப் பதில் இருக்கிறது. வரிசையில் பின்னால் நின்றவருக்கும் இருக்கிறது. சான்றிதழுக்குக் கடைசி நாள் எது என்று தெரியாமல் இடத்தை இழந்த பிள்ளைக்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. உங்கள் தெருவில் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் வீட்டில் கேட்க ஆளில்லாத ஒருவரோடு இந்த வாரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உட்கார்ந்து செய்ததை எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே பருவத்தில் மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்